சிங்கப்பூர்ப் பீரங்கிகள் நிஜமாகவே தப்பான பக்கம் பார்த்து நின்றனவா?

1942-ல் சிங்கப்பூர் ஏன் ஜப்பானியர் கையில் விழுந்தது என்று கேட்டால் பலரிடமும் ஒரே பதில் தயாராக இருக்கும். "வெள்ளைக்காரன் பீரங்கியெல்லாம் கடலைப் பார்த்து வச்சிருந்தான், ஜப்பான்காரன் பின்பக்கமா வந்துட்டான்." சொல்ல எளிது, கேட்கவும் சுவாரஸ்யம். ஒரு முட்டாளைக் கைகாட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். அதனாலேயே எண்பது ஆண்டுகளாக இந்தக் கதை சலிக்காமல் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, நிறையத் தவறும் இருக்கிறது. அந்தப் பீரங்கித் தளங்களில் சில இன்றும் சிங்கப்பூர்க் கரையோரத்தில் இருப்பதால் இது வெறும் வரலாற்று வாக்குவாதமாக நிற்பதில்லை. செந்தோசாவுக்குப் போகிறவர்கள் சிலோசோ கோட்டையை எட்டிப் பார்க்கிறார்கள். "ஓ, இதுதான் தப்பான பக்கம் பார்த்த பீரங்கியா" என்று ஒரு படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். தவறான கதையோடு போகிறவருக்கு அங்கே பார்க்க இரண்டு நிமிடத்துக்கு மேல் எதுவும் இருக்காது. சரியான கதையோடு போனால் அரை நாள் போதாது. போர்க்கால மிச்சங்களால் ஓர் ஊரின் சுற்றுலாவுக்கு என்ன பயன் என்ற கேள்விக்கான விடை இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆகவே முதலில் பீரங்கியைப் புரிந்துகொள்வோம், அப்புறம் சுற்றுலாவுக்கு வருவோம். ராணுவ விஷயம் எதுவும் முன்னதாகத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

கரையோரப் பீரங்கி யாருக்காக?

கரையோரப் பீரங்கி என்பது கரையில் நிரந்தரமாகப் பதிக்கப்பட்டு, கடலில் வரும் போர்க்கப்பலைச் சுடுவதற்கென்றே செய்யப்பட்ட பெரிய துப்பாக்கி. சக்கரம் வைத்து இழுத்துப் போகும் போர்க்களப் பீரங்கி வேறு, இது வேறு. இது நிற்கும் வட்டமான கான்கிரீட் குழிக்குப் பீரங்கி மேடை என்று பெயர். மேடைக்குக் கீழே வெடிமருந்துக் கிடங்கு, அங்கிருந்து குண்டை மேலே தூக்கிவர ஏற்பாடு, சற்றுத் தள்ளி உயரமான ஓர் இடத்தில் கப்பலின் தூரத்தை அளக்கும் கோபுரம். இவையெல்லாம் சேர்ந்ததுதான் ஒரு பீரங்கித் தளம்.

சிங்கப்பூரில் இவற்றை எதற்கு வைத்தார்கள்? தீவின் வட கரையில் செம்பவாங்கில் பிரிட்டன் ஒரு பெரிய கடற்படைத் தளம் கட்டியது. 1938-ல் அது திறக்கப்பட்டது. தமிழர்களும் மலையாளிகளும் திரளாக வேலை பார்த்த இடம் அது. ஆனால் தளம் கட்டிய பிரிட்டன் அங்கே பெரிய கப்பற்படை எதையும் நிறுத்தி வைக்கவில்லை. ஆபத்து வந்தால் ஐரோப்பாவிலிருந்து கப்பல்கள் கிளம்பி வரும், வந்து சேரும்வரை இந்தப் பீரங்கிகள் எதிரிக் கப்பல்களை அண்டவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே திட்டம்.

வரைபடத்தை விரித்துப் பார்த்தால் பீரங்கிகள் ஏன் அங்கங்கே நின்றன என்பது உடனே விளங்கும். கடற்படைத் தளத்துக்குப் போக, சிங்கப்பூருக்கும் வடக்கேயுள்ள மலாயாவுக்கும் இடையே ஓடும் ஜொகூர் நீரிணையின் கிழக்கு வாய் வழியாக நுழைய வேண்டும். ஆகவே சாங்கியிலும் தெக்கோங் தீவிலும் எதிர்க்கரையில் பெங்கராங்கிலும் பீரங்கிகள். வணிகத் துறைமுகம் தெற்கே இருந்தது. ஆகவே அதைச் சுற்றி லாப்ரடாரிலும், அன்று பிளாக்காங் மாத்தி என்று அழைக்கப்பட்ட இன்றைய செந்தோசாவிலும் பீரங்கிகள். "எல்லாம் தெற்கே பார்த்தன" என்று சொல்வதே சரியில்லை. எந்த வாசலைக் காக்க வேண்டுமோ அந்த வாசலைப் பார்த்து நின்றன.

இவற்றில் மிகப் பெரியவை 15 அங்குலப் பீரங்கிகள் ஐந்து. 15 அங்குலம் என்பது குழலின் வாய் அகலம், கிட்டத்தட்ட 38 சென்டிமீட்டர். ஒரு குண்டின் எடை சுமார் 880 கிலோ. அதை 30 கிலோமீட்டர் தொலைவுக்கு எறியக்கூடியவை. ஐந்தில் மூன்று சாங்கியில் ஜொகூர் பீரங்கித் தளத்தில் இருந்தன. மீதி இரண்டு தீவின் தென்மேற்கில் புவனா விஸ்தாவில். சாங்கித் தளத்துக்கு ஜொகூரின் பெயர் வந்ததற்குக் காரணம் பணம். 1935-ல் பிரிட்டிஷ் மன்னரின் வெள்ளிவிழாவை ஒட்டி ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் 5 லட்சம் பவுண்டு அன்பளிப்பாகக் கொடுத்தார். அதில் பெரும்பகுதி இந்தப் பாதுகாப்பு வேலைகளுக்குப் போனது.

சுருக்கமாக: இந்தப் பீரங்கிகள் கப்பலைத் தடுக்க வைக்கப்பட்டவை. கடலைப் பார்த்து நின்றது அவற்றின் வேலை. அதில் பிழை ஒன்றுமில்லை.

சரி, நிலத்தின் பக்கம் திரும்ப முடிந்ததா?

பெரும்பாலானவை திரும்பின. இங்கேதான் பரவலான கதை உடைகிறது.

பெரிய பீரங்கியைச் சுழலும் தட்டு ஒன்றின் மேல் பொருத்துவார்கள். அது இடவலமாக எவ்வளவு தூரம் திரும்பும் என்பதைச் சுழல் வரம்பு என்று சொல்லலாம். சில பீரங்கிகள் முழு வட்டமும் அல்லது வட்டத்தின் பெரும்பகுதியும் திரும்பும். சிலவற்றை அமைப்பும் தடுப்புகளும் ஒரு பக்கமாகக் கட்டுப்படுத்திவிடும். புவனா விஸ்தாவின் இரண்டு 15 அங்குலப் பீரங்கிகள் அப்படிக் கட்டுப்பட்டவை. வடக்கே திரும்ப முடியாததால் ஒரு குண்டும் சுடாமலே கிடந்தன. கடைசியில் எதிரி கையில் சிக்கக் கூடாது என்று பிரிட்டிஷ் படையே அவற்றை வெடிவைத்துத் தகர்த்தது. "தப்பான பக்கம்" கதை பொருந்துகிறது என்றால் இந்த இரண்டுக்குப் பொருந்தும்.

சாங்கியின் ஜொகூர் தளம் நிலத்தின் பக்கம் திரும்பிச் சுட்டது. செந்தோசாவின் கோனாட் தளத்திலிருந்த 9.2 அங்குலப் பீரங்கிகளும் சுட்டன. சிலோசோவின் பீரங்கிகள் தீவின் உட்பக்கம் திரும்பிச் சுட்டன. எதிரிக்கு எண்ணெய் கிடைக்கக் கூடாது என்று புக்கோம் தீவின் எண்ணெய்க் கிடங்குகளையும் அவை குறிவைத்தன.

திரும்பின, சுட்டன என்றால் ஏன் பயன்படவில்லை?

குண்டு எந்த வகை என்பதுதான் விஷயம்

பீரங்கிக் குண்டு எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும். இந்தக் கதையைப் புரிந்துகொள்ள இரண்டு வகை தெரிந்தால் போதும்.

ஒன்று, கவசம் துளைக்கும் குண்டு. போர்க்கப்பலின் உடல் கனமான எஃகுத் தகடு. அதன்மேல் பட்டவுடனே வெடித்தால் குண்டு வெளியிலேயே வீணாகிவிடும். ஆகவே மூக்கைக் கெட்டியான எஃகில் செய்து, வெடிப்பை ஒரு நொடியின் சிறு பகுதி தாமதிக்க வைப்பார்கள். குண்டு தகட்டைக் குத்திக்கொண்டு உள்ளே போய், எஞ்சின் அறையிலோ வெடிமருந்து அறையிலோ வெடிக்கும். குத்திப் போகும் வலு வேண்டுமென்பதால் குண்டின் எடையில் பெரும்பங்கு எஃகு. வெடிமருந்து மிகச் சிறிய பங்கு.

இன்னொன்று, சிதறு குண்டு. ஓடு மெல்லியது, உள்ளே வெடிமருந்து அதிகம். தரையில் பட்டதும் வெடித்து, ஓட்டுத் துண்டுகளை நாலாபக்கமும் வீசும். வெட்டவெளியில் நடந்துவரும் காலாட்படையை இதுதான் தடுக்கும்.

கடப்பாரையை நினைத்துக்கொள்ளுங்கள். பாறையைப் பெயர்க்க அதைப்போல ஒரு கருவி இல்லை. அதையே நாற்று நட்ட சேற்று வயலில் ஓங்கி இறக்கினால் சளக்கென்று முக்கால்வாசி உள்ளே போய் நின்றுகொள்ளும். பக்கத்தில் நிற்பவர்மேல் நாலு சொட்டுச் சேறு தெறிக்கும். கவசம் துளைக்கும் குண்டு ஈர மண்ணில், ரப்பர்த் தோட்டத்தில் விழுந்தபோது ஏறக்குறைய அதுதான் நடந்தது. 880 கிலோ எஃகு ஆழமாகப் புதைந்து, மண்ணுக்கடியில் வெடித்தது. சத்தமும் அதிர்வும் பெரிது. விழுந்த இடத்திலேயே இருந்தவர்கள் தப்பியிருக்க முடியாது. ஆனால் பரந்து வரும் ஒரு படையை அதனால் நிறுத்த முடியாது.

சிங்கப்பூரின் கரையோரப் பீரங்கிகளுக்குக் கொடுத்திருந்தது பெரும்பாலும் கவசம் துளைக்கும் குண்டுகள். சிதறு குண்டுகள் சொற்பம். கப்பலுக்கென்று வைத்த பீரங்கிக்குக் கப்பல் குண்டைக் கொடுத்ததில் அன்றைய கணக்குப்படி தவறும் இல்லை.

கண் பார்வையும் ஒரு சிக்கல். கடலில் வரும் கப்பலைக் கோபுரத்திலிருந்து பார்க்கலாம், தூரம் அளக்கலாம், குண்டு எங்கே விழுந்தது என்று நீர் எழும்புவதை வைத்துத் திருத்திக்கொள்ளலாம். நிலத்தில், மரங்களுக்குப் பின்னால், பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும் படையை அந்தக் கோபுரத்திலிருந்து யார் பார்ப்பது? முன்னணியில் இருக்கும் ஆள் தொலைபேசியில் சொல்ல வேண்டும். ஜப்பானியர் பொழிந்த குண்டுகளில் தொலைபேசிக் கம்பிகள் அறுந்துகொண்டே இருந்தன. பீரங்கிக்காரர்கள் வரைபடத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாகச் சுட வேண்டியதாயிற்று.

போதுமான சிதறு குண்டு இருந்திருந்தால் சிங்கப்பூர் தப்பியிருக்குமா? ஜப்பானியருக்கு உயிர்ச்சேதம் கூடியிருக்கும். அதனால் மட்டும் படையெடுப்பு நின்றிருக்காது என்பதே ராணுவ ஆய்வாளர்களின் கணிப்பு. காரணம் வேறு எங்கோ இருந்தது. மலாயாத் தீபகற்பம் வழியாகத் தாக்குதல் வரக்கூடும் என்று அங்கே தளபதியாக இருந்த வில்லியம் டாபி 1930-களின் பிற்பகுதியிலேயே எச்சரித்திருந்தார். 336 விமானங்கள் வேண்டும் என்று கணக்கிட்ட இடத்தில், போர் தொடங்கியபோது முன்னணி விமானங்கள் 158 தான் இருந்தன. வருவதாகச் சொன்ன பெரிய கப்பற்படை வரவில்லை. வந்த இரண்டு பெரிய கப்பல்களான பிரின்ஸ் ஆஃப் வேல்ஸும் ரிப்பல்ஸும் 1941 டிசம்பர் 10 அன்று ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டன. டிசம்பர் 8 அன்று மலாயாவின் வடகிழக்குக் கரையில் கோத்தா பாருவில் கரையிறங்கிய ஜப்பானியர் பிப்ரவரி 8 இரவு வடமேற்கே சாரிம்புன் பகுதியில் நீரிணையைக் கடந்தார்கள். பிப்ரவரி 15 அன்று புக்கிட் தீமாவின் ஃபோர்டு ஆலையில் சரணாகதி கையெழுத்தானது.

இங்கே சற்று நின்று பார்த்தால், கதை தலைகீழாகிவிட்டது தெரியும். கடல் வழியாக நேரே மோதுவது ஆபத்து என்று ஜப்பானியர் எண்ணியதற்கு இந்தப் பீரங்கிகளும் ஒரு காரணம். அவை தங்கள் வாசலைக் காத்தன. மற்ற வாசலைக் காக்க வேண்டிய விமானமும் கப்பலும் வந்து சேரவில்லை. பழியைப் பீரங்கியின் மூக்குமேல் போட்டுவிட்டால் அந்த முடிவுகளை எடுத்தவர்களை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அந்தக் கதை நீடிப்பதில் எனக்கு வருத்தம் இருப்பது இதனால்தான்.

இன்று என்ன மிச்சம்?

ஐந்து 15 அங்குலப் பீரங்கிகளில் ஒன்றுகூட இன்று இல்லை. சரணடைவதற்கு முன்பே பிரிட்டிஷார் அவற்றைச் சிதைத்தார்கள், போருக்குப் பின் இரும்புக்காக வெட்டி எடுக்கப்பட்டன. ஜொகூர் தளத்தின் நிலத்தடிக் கிடங்குகள் மூடப்பட்டு மறந்துபோயின. 1991-ல்தான் சிங்கப்பூர்ச் சிறைத்துறை அவற்றை மறுபடி கண்டெடுத்தது. 2002 பிப்ரவரியில், சரணாகதியின் அறுபதாவது ஆண்டில், கோஸ்ஃபோர்டு சாலையில் இருக்கும் அந்த இடம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இப்போது அங்கே நிற்கும் 15 அங்குலப் பீரங்கி ஒரு நகல்.

செந்தோசாவின் மேற்கு முனையில் சிலோசோ கோட்டை இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டப்பட்டது, 1970-களில் சுற்றுலா இடமானது. 2022 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரின் 74-ஆவது தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. கரையோரக் கோட்டைகளில் இந்த அளவு முழுமையாக மிஞ்சியது இதுதான். லாப்ரடாரில் பீரங்கி மேடைகளும் பழைய சுவர்களும் காட்டுக்குள்ளே இருக்கின்றன. கோனாட் தளம் இருந்த பக்கம் இன்று கோல்ஃப் மைதானம்.

மரபுச் சுற்றுலா என்றால் என்ன?

ஓரிடத்தில் நடந்ததை, அங்கேயே மிஞ்சியிருக்கும் பொருளையும் நிலத்தையும் வைத்துத் தெரிந்துகொள்வதற்காகப் போவது மரபுச் சுற்றுலா. கோயிலுக்குப் போய்ச் சிற்பம் பார்ப்பது, பழைய அரண்மனை பார்ப்பது எல்லாம் இதில் அடங்கும். போர்க்கால மிச்சம் அவற்றிலிருந்து வேறுபடும் இடம் ஒன்று உண்டு. அழகுக்காக அதை யாரும் பார்க்கப் போவதில்லை. பாசி படிந்த கான்கிரீட் குழி பார்க்க அப்படியொன்றும் அழகாக இருக்காது. விளக்கம் இல்லாவிட்டால் அது மழைநீர்த் தொட்டி மாதிரிதான் தெரியும். போர்க்கால மிச்சத்துக்கு மதிப்பு விளக்கத்தால் வருகிறது. இதை மறந்துவிட்டு வேலி போட்டு, பெயிண்ட் அடித்து, பெயர்ப்பலகை நட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிற ஊர்கள் உலகம் முழுக்க உண்டு.

சிலோசோவில் இது எப்படி என்று பார்ப்போம். கோட்டைக்கு ஏற 2015-ல் திறந்த நடைபாலம் ஒன்று இருக்கிறது. 181 மீட்டர் நீளம், பதினோரு மாடி உயரம். மரக்கிளைகளின் தலைக்கு மேலே நடந்து போகலாம். பெரும்பாலானோர் அங்கே நின்று கடலைப் படம் எடுக்கிறார்கள். கொஞ்சம் நின்று, கப்பல்கள் எந்தப் பக்கமிருந்து துறைமுகத்துக்குள் நுழைகின்றன என்று பாருங்கள். மேற்கிலிருந்து வரும் குறுகலான நீர்வழி கண்ணுக்கு நேரே கிடக்கும். எதிரே லாப்ரடார் முனை. இரண்டு முனைகளிலும் பீரங்கி வைத்தால் நடுவே எதுவும் நுழைய முடியாது. வரைபடத்தில் பத்து நிமிடம் விளக்க வேண்டியது இங்கே ஒரே பார்வையில் புரிந்துவிடும். இந்தப் பார்வைக் கோடும் ஒரு மிச்சம்தான். நடுவில் உயரமான ஒரு கட்டடம் வந்துவிட்டால் பீரங்கி இருந்தும் பாதி போய்விடும்.

அப்புறம் உள்ளே இறங்குங்கள். பீரங்கி மேடையின் சுவரைப் பார்த்தால் சின்னச் சின்னப் பொந்துகள் இருக்கும். கிடங்கிலிருந்து ஒவ்வொரு முறையும் குண்டு ஏறிவரும்வரை காத்திருக்க முடியாதே. முதல் சில குண்டுகளைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளத்தான் அந்தப் பொந்துகள். 19-ஆம் நூற்றாண்டின் பிரிட்டிஷ் கோட்டைகளில் வெடிமருந்துக் கிடங்கின் விளக்குக்கும் ஒரு தனி ஏற்பாடு இருந்தது. மின்விளக்கு வராத காலம். எண்ணெய் விளக்கை மருந்து மூட்டைகளுக்கு நடுவே கொண்டுபோக முடியுமா? சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தனி இடுக்கு வழி, சுவரில் கண்ணாடி பதித்த மாடம். விளக்கு மாடத்தில் எரியும், வெளிச்சம் மட்டும் கிடங்குக்குள் வரும். உள்ளே வேலை செய்பவர்கள் ஆணி அடித்த செருப்பு போடக்கூடாது, தீப்பொறி பறக்கும் என்று. இப்படி ஒன்றிரண்டு விவரம் தெரிந்தால் போதும், வெறும் சுரங்கமாகத் தெரிந்த இடத்தில் ஆட்கள் நடமாடத் தொடங்கிவிடுவார்கள்.

அங்கே நின்ற ஆட்கள் யார் என்பதும் பலருக்குத் தெரியாது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் என்றே நினைப்போம். ஹாங்காங்-சிங்கப்பூர் ராயல் பீரங்கிப் படையில் பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியர்களும் முஸ்லிம்களும்தான் பெரும்பங்கு.

அசலா, நகலா?

சிலோசோவில் அசல் பீரங்கிகள் இருக்கின்றன. ஆனால் பல நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை, எல்லாமே அங்கே நின்றவை என்று சொல்ல முடியாது. சாங்கியில் இடம் அசல், பீரங்கி நகல். இரண்டில் எதற்கு மதிப்பு அதிகம்?

பலர் நகல் என்றதும் முகம் சுளிப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 15 அங்குலப் பீரங்கியின் அளவை எந்தப் பலகையும் சொல்லிவிட முடியாது. அது நின்ற இடத்திலேயே அந்த அளவில் ஒரு நகல் நிற்பது, வேறெங்கோ இருந்து கொண்டுவந்த ஒரு சிறிய அசல் பீரங்கியைவிட அதிகம் சொல்லும். நிபந்தனை ஒன்றுதான்: இது நகல் என்று தெளிவாக எழுதி வைத்திருக்க வேண்டும். சாங்கியில் நிலத்தடிக் கிடங்குகளுக்குள் போக முடியாது. மேலே நின்று விளக்கப் பலகைகளைப் படித்துக் கற்பனை செய்துகொள்ள வேண்டியதுதான். அந்தக் கட்டுமானம் பத்திரமாக இருக்கட்டும் என்று மூடி வைத்திருப்பதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன்.

ஏனென்றால் கடலோரக் கான்கிரீட்டின் ஆயுள் நாம் நினைப்பதைவிடக் குறைவு. உப்புக் காற்றும் ஈரமும் கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக உள்ளே போய்க் கம்பியைத் தொடும். கம்பி துருப்பிடித்தால் பருமன் கூடும். அந்த வீக்கம் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். விரிசல் வழியாக இன்னும் ஈரம் இறங்கும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ கடலோர வீடு வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். இதோடு வெப்பமண்டலத்தில் ஆலும் அரசும் விரிசலில் வேர்விட்டுவிடும். மேலே பூசி மறைப்பது பராமரிப்பு ஆகாது.

கரையே நகர்ந்துவிட்டால்?

சிங்கப்பூருக்கே உரிய ஒரு சிக்கல் இது. 1960-களில் தீவின் பரப்பு சுமார் 580 சதுர கிலோமீட்டர், இன்று 730-க்கும் மேல். கடலை நிரப்பி நிலமாக்கியதால் வந்த கூடுதல். 1981-ல் திறந்த சாங்கி விமான நிலையமும் பெரும்பாலும் அப்படி நிரப்பிய நிலத்தில் இருப்பதுதான். ஆகவே "கரையோரப் பீரங்கித் தளம்" என்று தேடிப் போகிறவருக்குக் கரை எங்கே என்றே குழப்பம் வரும். நகரத்தில் பீச் ரோடு என்ற தெரு கடலிலிருந்து வெகு தள்ளி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு காலத்தில் அலை அதன் ஓரத்தில்தான் அடித்தது.

இதற்குச் செலவில்லாத தீர்வு உண்டு. தளத்தில் அன்றைய கரை எங்கே இருந்தது என்று ஒரு வரைபடமும், தரையில் ஒரு கோடும் போட்டாலே போதும். லாப்ரடாரில் இந்தத் தொல்லை குறைவு. பழைய பாறைக் கரையின் ஒரு பகுதி அங்கே அப்படியே இருக்கிறது. பீரங்கியையும் கரையையும் சேர்த்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது லாப்ரடாரைத்தான்.

எதுவுமே மிஞ்சாத கடற்கரைகள்

போர்க்கால மிச்சம் என்றால் கான்கிரீட்டும் இரும்பும் மட்டும்தானா? சாங்கிக் கடற்கரைப் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை போனால் குடும்பங்கள் கூடாரம் போட்டு, கோழி சுட்டுக்கொண்டிருக்கும். அந்தக் கரையில் 1942 பிப்ரவரி 20 அன்று 66 சீன ஆண்களை ஜப்பானிய ராணுவம் சுட்டுக் கொன்றது. சரணாகதிக்குப் பின் சீனர்களைக் குறிவைத்து நடந்த சூக் சிங் படுகொலைகளின் ஒரு பகுதி அது. பொங்கோல் முனையிலும் நடந்தது. செந்தோசாக் கரையில் உடல்கள் ஒதுங்கின. இவற்றில் எந்த இடத்திலும் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. மணலும் கடலும் ஒரு கல்வெட்டும் மட்டும்.

ஊர்க்காரர்களுக்குப் பீரங்கியைவிட இந்தக் கரைகள்தான் நெருக்கமானவை. பீரங்கி ராணுவத்தின் கதை, இது அவர்கள் வீட்டுக் கதை. சுற்றுலா என்ற பெயரில் பீரங்கிக்கு மட்டும் விளக்குப் போட்டு இந்தக் கரைகளை விட்டுவிட்டால் போர் ஒரு விளையாட்டுச் சாமான் கண்காட்சி ஆகிவிடும். மறுபக்கம், இங்கே டிக்கெட், கடை, ஒலி ஒளிக் காட்சி என்று எதுவும் வரக்கூடாது. கல்வெட்டு ஒன்று இருக்கிறது, அது போதும். எல்லா மரபு இடத்திலும் பணம் பார்க்க வேண்டியதில்லை. சிலோசோ போன்ற இடங்களுக்கு வரும் கூட்டம் இந்தக் கரைகளையும் தெரிந்துகொண்டு போனால் அதுவே பயன்.

சுருக்கமாக: மிச்சத்தின் மதிப்பு அது எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்ததில்லை. இடம் சரியாக இருக்க வேண்டும், பார்வைக் கோடு இருக்க வேண்டும், சொல்லும் கதை உண்மையாக இருக்க வேண்டும், அதில் ஊர் மக்களும் இருக்க வேண்டும்.

தமிழர்களுக்கு இங்கே என்ன இருக்கிறது?

எஸ்பிளனேட் பூங்காவில், பழைய கடற்கரை ஓரத்தில், இந்திய தேசிய ராணுவத்துக்கு ஒரு நினைவுச்சின்னம் இருந்தது. 1945 ஜூலை 8 அன்று சுபாஷ் சந்திர போஸ் அடிக்கல் நாட்டினார். அந்தப் படையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஏராளம். ஜான்சி ராணி பெண்கள் படையிலும் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் பலர் இருந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷ் ராணுவம் அதை வெடிவைத்துத் தகர்த்தது. சில மாதங்கூட முழுதாக நிற்காத சின்னம் அது.

1995-ல், போர் முடிந்த ஐம்பதாவது ஆண்டில், தேசிய மரபுடைமைக் கழகம் சிங்கப்பூரின் போர்க்கால இடங்களில் திறந்த புத்தகம் போன்ற வடிவத்தில் கல்வெட்டுகளை வைத்தது. எஸ்பிளனேடிலும் ஒன்று வைத்தார்கள், தமிழிலும் எழுதியிருக்கிறார்கள். பக்கத்திலேயே, நடக்கும் தூரத்தில், பீச் ரோடில் 1967-ல் எழுப்பிய பொதுமக்கள் போர் நினைவகம் இருக்கிறது. வானுயர்ந்த நான்கு வெண்தூண்கள் நான்கு சமூகங்களுக்காக: சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர்.

சிங்கப்பூருக்குப் போகும் தமிழர்களில் பெரும்பாலானோர் லிட்டில் இந்தியாவுக்கும் செந்தோசாவுக்கும் எப்படியும் போகிறார்கள். இந்த இடங்களில் பல அந்த வழியிலேயே இருக்கின்றன. சிலோசோவுக்குள் நுழையக் கட்டணம் இல்லை. காலையில் சிலோசோ, பிற்பகல் லாப்ரடார் என்று வைத்துக்கொண்டால் ஒரே நீர்வழியை இரு கரையிலிருந்தும் பார்த்துவிடலாம். எஸ்பிளனேடும் பீச் ரோடும் ஒரு மாலை நேரத்துக்குள் அடங்கும். சாங்கிக்குத் தனியாக அரை நாள் ஒதுக்குங்கள். ஜொகூர் தளத்தைப் பார்த்துவிட்டு, சாங்கி கிராமத்து உணவங்காடியில் சாப்பிட்டுவிட்டு, கடற்கரைக்குப் போகலாம். அடுத்த முறை யாராவது "பீரங்கி தப்பான பக்கம் பார்த்து நின்னுச்சு" என்று ஆரம்பித்தால், எந்தப் பீரங்கி, எந்தத் தளத்தில் இருந்தது என்று கேளுங்கள்.